ஏழாவது தையல்

மனித குலம் நிமிர்ந்து நின்றது நெருப்பால் அல்ல, சக்கரத்தால் அல்ல. இரண்டு தோல்துண்டுகளை ஊசி பிடித்த ஒரு கை முதன்முதலாகச் சேர்த்துத் தைத்ததே, அந்த நாளில்தான் அது நிமிர்ந்தது.

செயலாளர் இந்த வாக்கியத்தை எழுதி முடித்து, எழுந்து நின்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். படித்தது அவர் காதுக்கே கேட்கவில்லை. பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தீர்மானத்தை வைத்து எடுத்துப் போவதற்கான தோல்பையின் வார் காலையில்தான் அறுந்திருந்தது. அவர் மனைவி அதை மெஷினில் கொடுத்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் நிறுத்தறியா? மெஷினுக்கு எதிரா எழுதிட்டிருக்கேன், மெஷின் சத்தத்துல ஒண்ணுமே ஓட மாட்டேங்குது."

"இன்னும் நாலு விரக்கடைதாங்க. இப்ப நிறுத்தினா தீர்மானத்தைக் கக்கத்துல இடுக்கிட்டுத்தான் போகணும்."

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். பை இல்லாத செயலாளரை யார் செயலாளர் என்பார்கள்?

"சரி சரி, முடிச்சுடு. நல்லா அழுத்தி அடி."

அந்தத் தெருவில் தோல்வேலை செய்யும் வீடுகள் எட்டு. எட்டு வீட்டிலும் கீழே வேலை, மேலே குடித்தனம். பகலெல்லாம் மரச்சுத்தியல் சத்தமும் மெழுகு வாடையும் ஜன்னல் வழியாக வெளியே வந்து, எதிர்வீட்டு வாடையோடு கலந்து, யார் வீட்டு வாடை என்று தெரியாமல் போகும். எட்டு வீடும் சேர்ந்து நடத்திய கைத்தையல் சங்கத்துக்கு வயது பத்து. எட்டே உறுப்பினர்கள். அதில் ஐந்து பேருக்குப் பதவி உண்டு. பதவி இல்லாத மூன்று பேருக்கும் 'ஆலோசகர்' என்று பெயர். சங்கத்துக்கு மெயின் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. எட்டு வீட்டுச் சரக்கும் அங்கேதான் விற்றாகவேண்டும். சங்கத்தை விட்டு விலக்கினால் கடையில் இடம் போச்சு. அதனால் சங்கத்தின் தீர்மானங்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, வீட்டுக்கு வந்துதான் சிரிப்பார்கள்.

எட்டு வீட்டில் ஒரே வீட்டில்தான் தோல் தைக்கும் மெஷின். அது செயலாளர் வீடு.

மெஷின் வந்து மூன்று வருடம் ஆகிறது. செயலாளர் மனைவியின் அக்கா தன் கடையை மூடிவிட்டு மகனோடு போய்த் தங்கப் புறப்பட்டபோது, "இதைத் தூக்கிட்டுப் போக முடியாதுடி, நீ வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனது. கறுத்த இரும்பு, காலால் மிதிக்கும் மிதி, பக்கத்தில் கைச்சக்கரம். இறக்கி வைத்த அன்று நான்கு ஆட்கள் மூச்சு வாங்கினார்கள். அதற்கு முன்பு பதினான்கு வருடம் அவள் செய்த வேலை ஓரம் தேய்ப்பது. அவர் தைத்துப் போடுவார், இவள் தண்ணீர் தொட்டு, மெழுகு தொட்டு, மரக்கட்டையால் ஓரத்தைப் பளபளவென்று ஆகும்வரை தேய்ப்பாள். பொருளைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் "என்ன தையல்!" என்றார்கள். ஒருவர்கூட "என்ன ஓரம்!" என்றதில்லை.

மெஷின் வந்த பிறகு ஓரம் தேய்க்கும் கட்டை நாத்தனார் கைக்குப் போனது. இவள் குழாய் வேலைக்காரர்களுக்கும் மின்சார வேலைக்காரர்களுக்கும் இடுப்பில் மாட்டும் பைகள் தைக்க ஆரம்பித்தாள். ஸ்பானர் போட ஒரு பை, திருப்புளி போட ஒரு பை, சுண்ணக்கட்டி போட ஒரு சின்னப் பை. வாசலில் ஆட்கள் நின்று, "அக்கா, எனக்கு இடது பக்கம் வேணும், நான் இடக்கை" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களெல்லாம் செயலாளரைத் தேடி வந்தவர்கள் இல்லை. தெருவில் அவளுக்கு 'மெஷின்காரி' என்று பெயர் விழுந்தது. கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் அதற்கு முன்பு அவளுக்கு என்று தனியாக ஒரு பெயரே இருந்ததில்லை, 'செயலாளர் வீட்டம்மா' என்பதுதான். ஆகவே அவளுக்கு அது பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் செயலாளர் புது வார் போட்ட பையோடு போய்த் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு வந்தார். வரும்போதே முகத்தில் தியாகக் களை.

"என்ன ஆச்சு?" என்றாள் அவள், தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்தபடி.

"வரலாறு ஆச்சு."

"அண்ணா, புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள் நாத்தனார். அவள் செயலாளரின் தங்கை. ஓரம் தேய்க்கிற கையும் சரி, வாயும் சரி, ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பத்தாம் ஆண்டு விழா அன்னிலேர்ந்து, சங்க உறுப்பினர் யார் வீட்டுலயும் தோல் தைக்கற மெஷின் இருக்கக் கூடாது."

"யார் வீட்டுலயும்னா?"

"யார் வீட்டுலயும்தான்."

"எட்டு வீட்டுல ஏழு வீட்டுல இல்லியே?"

"அது தற்செயல்" என்றார் செயலாளர்.

முட்டையை உரித்துக்கொண்டிருந்த மனைவி ஓட்டோடு வெள்ளையையும் சேர்த்து உரித்துவிட்டாள்.

"ஏங்க, நீங்களே எழுதினீங்களா?"

"நான் எழுதலேன்னா வேற ஒருத்தர் எழுதியிருப்பார். தப்பும் தவறுமா எழுதியிருப்பார். இந்தா பாரு, உணர்ச்சிவசப்படாம கேளு. கைத்தையல்ல ஒரே நூல், ரெண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா நுழைஞ்சு வருது. ஒரு பக்கம் அறுந்தாலும் இன்னொரு பக்கம் பிடிச்சு நிக்கும். மெஷின்ல மேல ஒரு நூல், கீழ ஒரு நூல். ஒண்ணு அறுந்தா, மொத்தமும் பிரிஞ்சு வரும்."

"இதை என்கிட்டயா சொல்றீங்க? குழாய்க்காரர் பையில ஸ்பானர் தொங்கற மூலை இருக்கே, அந்த மூலைய நான் கையிலதானே தைக்கறேன்? பாரம் விழற இடத்துல கை. சும்மா நேரா ஓடற இடத்துல மெஷின். சில்லறைப் பைக்கு எதுக்குங்க ரெண்டு ஊசி? அதுல யானையா ஏத்தறாங்க?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு."

"கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மெஷின் போனா நான் என்ன பண்றது?"

செயலாளர் ரொட்டியை மென்றார். மென்று முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஓரம் தேய்க்க ஆள் எப்பவும் தேவைதானே" என்றார்.

நாத்தனார் கையிலிருந்த தேநீர் டம்ளரைச் சத்தமாகக் கீழே வைத்தாள். மனைவி எழுந்து போய் மெஷினுக்கு மேல் துணியைப் போர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

விழாவுக்கு வரும் இருநூறு விருந்தினர்களுக்கும் ஆளுக்கு ஒரு சில்லறைப் பை. 'இயந்திரம் தீண்டாதது' என்று அச்சடித்த சீட்டு உள்ளே இருக்கும். எட்டு உறுப்பினரும் ஆளுக்கு இருபத்தைந்து கையால் தைத்துத் தரவேண்டும். ஒரே தோல், ஒரே அச்சில் வெட்டியது, ஒரே காப்பி நிற நூல். வெட்டிக் கட்டி வீட்டுக்கு வீடு அனுப்பியவர் பொருளாளர் அக்கா. கைப்பை தைப்பவர், சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினர்.

செயலாளர் தன் பங்கை முன்னறை ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு தைத்தார். முழங்கால்களுக்கு நடுவே மரக் கவ்வி, கவ்வியின் வாயில் தோல், இரண்டு கையிலும் ஊசி. குத்தூசியால் துளையிட்டு, இடது ஊசியை விட்டு, வலது ஊசியை விட்டு, இரண்டு கையையும் பறவை சிறகு விரிப்பதுபோல் விரித்து இழுப்பார். தெருவில் யாராவது போனால் சிறகு இன்னும் கொஞ்சம் விரியும். தெரிந்தவர் போனால் நிறுத்திப் பேசுவார். அன்றைக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் போனார்கள். மதியத்துக்கு மேல் விழாமலர் வேலை என்று சங்க அறைக்குப் போய்விடுவார். முதல் நாள் கணக்குக்கு ஒன்றரைப் பை தைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மதியம், அவர் போன கொஞ்ச நேரத்தில், சந்துப் பக்கக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. நல்ல வெயில். வாசலில் சங்கத் தலைவர் விரித்த குடையோடு நின்றிருந்தார். குடையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்ததால் முதலில் தொப்பைதான் தெரிந்தது.

"வாங்கண்ணா. மழையா?"

"உள்ள போய்ப் பேசலாம் தங்கச்சி."

உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, பிறகுதான் குடையை மடக்கினார். குடைக்குள்ளிருந்து ஒரு கட்டு விழுந்தது. இருபத்தைந்து சில்லறைப் பைகளுக்கான துண்டுகள்.

"தங்கச்சி, என் வலது கை... கட்டை விரல்ல ஒரு சுளுக்கு. அதாவது சுளுக்குன்னு சொல்ல முடியாது. ஒரு நாட்டம் இல்லாம இருக்கு."

"விரலுக்கா?"

"விரலுக்கு. அதனால இதை நீ..." அவர் மெஷினைப் பார்த்தார். அதன் பெயரைச் சொல்ல நா எழவில்லை. "இதுல கொஞ்சம்..."

"மெஷின்லயா அண்ணா?"

"உஸ்ஸ்!"

தாழ்ப்பாள் மறுபடி ஆடியது. வெளியே யாரோ. தலைவரின் முகம் தண்ணீரில் போட்ட தோல்போல் நிறம் மாறியது. நாத்தனார் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தோல் சுருள்கள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் தள்ளிக் கதவை மூடினாள்.

வந்தவர் பொருளாளர் அக்கா. கையில் காய்கறிப் பை. மேலே கீரைக்கட்டு, கீழே தோல்கட்டு.

"யாரும் இல்லியே?"

"யாரும் இல்லக்கா."

"இல்ல, பேச்சு சத்தம் கேட்டுச்சு."

"நாந்தான் அண்ணிகூடப் பேசிட்டிருந்தேன்" என்றாள் நாத்தனார்.

"ஆம்பளைக் குரலாட்டம் இருந்துச்சு."

"தொண்டை கட்டியிருக்குக்கா" என்று நாத்தனார் அடித்தொண்டையில் சொன்னாள்.

பொருளாளர் அக்கா கீரையை எடுத்து வெளியே வைத்தார். "இங்க பாரு. வெட்டினது நான், எண்ணினது நான், கட்டினது நான், எட்டு வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தது நான். இனி தைக்கவும் நானேன்னா, அந்த ஏழு தடியனுங்களும் என்னத்துக்கு இருக்கானுங்க? நீ ஒரு ஓட்டு ஓட்டிக் கொடு. என் பேரு வெளிய வரக்கூடாது."

அந்தச் சமயம் தோல் அறைக்குள் ஒரு தும்மல் புறப்படுவதற்கு முன்பான இழுப்பு கேட்டது. அவள் சட்டென்று மெஷினில் உட்கார்ந்து மிதித்தாள். தோலும் இல்லை, நூலும் இல்லை. வெறும் ஊசி கடகடவென்று காற்றைத் தைத்தது. உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று தும்மல்.

"என்னடி, ஒண்ணுமே வெக்காம ஓட்டறே?" என்று அக்கா கத்தினார்.

"சூடு பண்றேங்க்கா!"

"ஓ, சூடு வேற பண்ணணுமா?" என்று மரியாதையோடு மெஷினைப் பார்த்துவிட்டு, கீரையை மறந்துவிட்டுப் போனார்.

தலைவர் வெளியே வந்தபோது மீசையில் தோல்தூசி. யார் வந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் தானும் பதில் சொல்லவேண்டி வரும் என்று தெரிந்த மனிதர். போகும்போது அவள் தலையில் கை வைத்துத் தழுதழுத்தார்.

"தங்கச்சி, இந்த மெஷின் இந்த வீட்டை விட்டுப் போற அன்னிக்கு நான் கண்டிப்பா வந்து நிப்பேன். ஒரு கை பிடிச்சுத் தூக்கி விடுவேன்."

"சுளுக்கு அண்ணா" என்று ஞாபகப்படுத்தினாள் நாத்தனார்.

அடுத்தடுத்த நாட்களில் சந்துக் கதவுக்கு ஓய்வில்லை. பெல்ட்காரர் வந்தார், அவர் மட்டும்தான் சாக்குச் சொல்லாமல், "அலுப்பா இருக்கு தங்கச்சி, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஆலோசகர்கள் மூன்று பேரும் ஒருவர் போன பிறகு ஒருவராக வந்து, மற்ற இருவருக்கும் தெரியக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினார்கள். கடைசியாகத் துணைத்தலைவர் தன் கட்டைத் தன் பேத்தியின் தள்ளுவண்டியில் குழந்தைக்கு அடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். குழந்தை அதில் கொஞ்சம் ஈரம் பண்ணியிருந்தது. எட்டாம் நாளோடு ஏழு கட்டும் வந்து சேர்ந்துவிட்டது. நூற்றியெழுபத்தைந்து பை.

கோபப்படவேண்டும் என்று அவள் முதலில் முயன்று பார்த்தாள். முடியவில்லை. ஒவ்வொருவரும் போன பிறகு நாத்தனார் அவர்களைப் போலவே நடந்து காட்டுவாள். இவள் மிதியில் கால் வைக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இடையில் நான்கு நாள் மழை பெய்தது. தோல் ஈரம் குடித்து மெத்தென்று ஆகிவிட்டதால் அடுப்படியில் கொடி கட்டி உலர்த்தித் தைத்தார்கள். வேலையும் இன்பமாகத்தான் இருந்தது. சில்லறைப் பையின் வாய்ப்பக்கம் மடித்து நாலு அடுக்காக இருக்கும். அங்கே மிதிக்கக் கூடாது. கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பி ஆறு தையல் போடவேண்டும். ஆறு முடிந்ததும் தோல் சட்டென்று இரண்டு அடுக்காக இறங்கும். மெஷினின் அழுத்தும் பாதம் அந்தப் படியில் தொப்பென்று விழும். விழுகிற வேகத்தில் ஏழாவது தையல் மட்டும் நீண்டுவிடும். வந்த புதிதில் ஒரு கூடை சரக்கு அவளுக்கு அப்படிப் பாழாயிருக்கிறது. பிறகு அவளாகவே வழி கண்டுபிடித்தாள். பாதத்துக்குப் பின்னால் ஒரு தோல்துண்டை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டால் பாதம் சாயாது, ஏழாவதும் ஒழுங்காக விழும். அந்த முட்டு ஒரு நூலில் கட்டி மெஷின் பக்கத்தில் தொங்கும். எதற்கென்று அவளுக்கும் நாத்தனாருக்கும்தான் தெரியும்.

பத்தாம் நாள் காலையில் அவள் நூல் வாங்கக் கடைக்குப் போய்வந்தாள். நாத்தனார் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் மெஷின் முக்காலி சுவரோரம் தள்ளிக் கிடந்தது; நிறையச் சுற்றி வைத்திருந்த கீழ்நூல் பாபின் பாதிக்கு மேல் காலி.

"நீ மெஷின்ல உக்காந்தியா?"

"நானா? எனக்கு அதைப் பார்த்தாலே பயம் அண்ணி."

முன்னறையில் செயலாளர் ஜன்னலோரம் கவ்வியோடு உட்கார்ந்து, தெருவைப் பார்த்துச் சிறகு விரித்துக்கொண்டிருந்தார். தானே மறந்திருப்போம் என்று அவள் வேறு பாபின் போட்டுக்கொண்டாள்.

விழாவுக்கு முதல்நாள் மதியம், சங்கக் கூடத்தில் தர ஆய்வு. இது செயலாளர் கொண்டுவந்த வழக்கம். நீள மேசையில் எட்டுக் கட்டு. கட்டுக்கு ஒன்று உருவி வரிசையாக வைத்துப் பார்த்து, 'சுத்தமான கைத்தையல்' என்று எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். அவளும் நாத்தனாரும் தேநீர் கொண்டுபோயிருந்தார்கள். அவள் கண் மேசையில் இல்லை. கூடத்து மூலையில் ஒரு கைவண்டி நின்றிருந்தது. நாளைக் காலை மெஷினை ஏற்றிப் போக.

தலைவர் எட்டுப் பையையும் வரிசையாக வைத்தார்.



ஏழு பைகளில் தையல் கோடு கிழித்ததுபோல் நேராக ஓடியது. எட்டாவதில் மட்டும் ஒவ்வொரு தையலும் ஒரே பக்கமாக லேசாகச் சாய்ந்து, எதிர்க்காற்றில் வரிசையாக நடந்து போகிறவர்கள்போல இருந்தது. குத்தூசித் துளையில் இரண்டு ஊசி நுழைந்தால் மட்டுமே வருகிற சாய்வு. அங்கே இருந்தவர்கள் எல்லாம் முப்பது வருடம், நாற்பது வருடம் தைத்தவர்கள். கண்ணைக் கட்டிவிட்டால்கூட நகத்தால் தடவிச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொருவரும் முதலில் தன் பையைப் பார்த்தார்கள். பிறகு மற்ற ஆறு பையையும் பார்த்தார்கள். பிறகு கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒரு மின்விசிறி மட்டும்தான் இருந்தது; அதுவும் ஓடவில்லை.

தலைவர் பொதுவாழ்வில் பழுத்தவர். ஒன்றுக்கு எதிராக ஏழு நிற்கும்போது ஏழு தவறாக இருக்க முடியாது என்பதை உணர்ந்தவர். அந்த ஏழில் தானும் ஒருவர் என்னும்போது இன்னும் தெளிவாக உணர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த எட்டாவது மட்டும்... வேற மாதிரி இருக்கே."

"தனியாத் தெரியுது" என்றார் துணைத்தலைவர், தரையைப் பார்த்து.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார் பொருளாளர் அக்கா.

"இது யார் கட்டு? செயலாளர் கட்டா?" தலைவரின் குரலில் துயரம் கனிந்தது. "மெஷின் இருக்கற வீடு. சபலம் யாருக்கும் வரும். நான் தப்பா நினைக்கல. ஆனா இது மெஷின் தையல்."

அவள் கணவரைப் பார்த்தாள். இப்போது வெடிப்பார் என்று நினைத்தாள். பிறந்தநாள் வாழ்த்துக்கே முக்கால் மணிநேரம் பேசுகிற மனிதர். அவரோ நெற்றி முழுக்க வியர்த்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எ... எதை எடுத்தீங்க? மேல இருந்ததா, அடியில இருந்ததா?"

"எதை எடுத்தா என்ன?"

"இல்ல... சும்மா கேட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அவள் பத்து நாளாகச் சிரித்த சிரிப்பெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. அந்தப் பை அவர் தைத்ததுதான். அவர் கையெழுத்து அவளுக்குத் தெரிவதுபோல் அந்தத் தையலும் தெரியும்; இடது கையைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பார், ஒவ்வொரு மூலையிலும் ஒரு மயிரிழை சுருங்கும். பதினான்கு வருடம் அந்த மூலைகளைத் தேய்த்தவள் அவள். தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். அது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம். இது மெஷின் தையல்னா, எங்க வீட்டு மெஷின்ல தைச்சதாத்தானே இருக்கணும்? இந்தத் தெருவுல வேற மெஷின் இல்லியே?"

"ஆமாம்மா. அதான் வருத்தமே."

"அப்ப மெஷினையே கொண்டுவந்துடறேன். வண்டிதான் இங்கயே நிக்குதே. உங்க எல்லார் முன்னாலயும் ஒரு பை தைச்சுக் காட்டறேன். அதை இந்த எட்டுப் பை பக்கத்துல வெப்போம். எதோட பொருந்துதோ, அது மெஷின் தையல். சரிதானே?"

கூடத்தில் நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஏழு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"எதுக்கும்மா அவ்வளவு சிரமம்!"

"மழை வரும்போல இருக்கு, இரும்பு நனைஞ்சிடும்!"

"மெஷின் கனம். தூக்கினா யாருக்காவது இடுப்பு பிடிச்சுக்கும். நாளைக்கு விழா" என்றார் பெல்ட்காரர்.

"நீங்கதானே நாளைக்குத் தூக்கறதுக்கு ஒரு கை கொடுக்கறேன்னீங்க?" என்று நாத்தனார் தலைவரைக் கேட்டாள்.

தலைவர் மேசையிலிருந்த எட்டாவது பையை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"வெளிச்சம் சரியில்லாம இருந்துது. இப்பத்தான் தெரியுது. அசல் கைத்தையல்! சாய்வைப் பாருங்க. ஆகா! இப்படி ஒரு சாய்வு..."

"மத்த ஏழும்?" என்றாள் அவள்.

"அது... அதுவும் கைத்தையல்தான். கைத்தையல்ல பல வகை உண்டு தங்கச்சி."

"அப்ப மெஷின் தையல்னா எப்படி இருக்கும்ணா? நாளைக்கு வர்றவங்க கேட்டா காட்டறதுக்கு ஒண்ணு வேணாமா? கொண்டு வர்றேனே."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பொருளாளர் அக்காவின் கண், தலைவரின் மீசைக்குப் போனது. அன்று கேட்ட ஆம்பளைக் குரலை நினைவுபடுத்திக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. குலுங்கிக்கொண்டே சொன்னார்:

"தலைவரே, ஒரு திருத்தம் கொண்டு வரேன். மெஷினைத் தெருவை விட்டே அனுப்பிட்டா, நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு மெஷின்னா என்னன்னே தெரியாம போயிடும். எதை எதிர்த்தோம்னு கேட்டா என்னத்தைக் காட்டுவோம்?"

தலைவர் அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அருமை! அந்த மெஷின் செயலாளர் வீட்டிலேயே இருக்கட்டும். ஓர் எச்சரிக்கைச் சின்னமாக!"

"எச்சரிக்கைன்னா அது ஓடற நிலையில இருக்கணும்" என்றார் பெல்ட்காரர். "துருப்பிடிச்சுக் கிடந்தா யார் பயப்படுவா?"

"எண்ணெய் போடணும்."

"தினமும் ஓட்டிப் பார்க்கணும்."

"வெறுமனே ஓட்டினா ஊசி கெட்டுப்போகும்" என்றாள் நாத்தனார்.

"அப்ப ஏதாவது வெச்சு ஓட்டணும்."

"குழாய்க்காரர் பை வெக்கலாமா?" என்றாள் அவள்.

"தாராளமா வெக்கலாம். அவங்களும் எச்சரிக்கையா இருக்கட்டும்."

திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் அதைப் பதிவேட்டில் எழுதினார். 'எச்சரிக்கை' என்ற சொல் மட்டும் இரண்டு வரிக்கு ஓடியது. ஆலோசகர்களில் ஒருவர் கைவண்டியில் நாற்காலிகளை ஏற்ற ஆரம்பித்தார்.

வீடு வரும்வரை அவளும் நாத்தனாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாயெடுத்தால் சிரிப்பு வந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் நாத்தனார் அப்படியே தோல் சுருள்கள்மேல் சாய்ந்து, தலைவர்போல மூன்று தும்மல் தும்மினாள். மெஷின்காரி, மெஷின்மேல் கிடந்த துணியை உருவி எறிந்தாள். சும்மாவே ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். அது கடகடவென்று எச்சரித்தது.

மறுநாள் காலை வெயில் சுத்தமாக அடித்தது. செயலாளர் குளியலறையில் விழா உரையைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் குரல் கணீரென்று வந்தது.

"...இயந்திரத்தைத் தொட்டறியாத இந்தக் கைகள்..."

அவள் அவருக்குச் சட்டை எடுத்து வைத்தாள். நேற்று மனிதர் வாயடைத்துப்போய் நின்றதை நினைக்க இன்னும் பாவமாக இருந்தது. பொய்ப் பழியை எதிர்த்துப் பேசக்கூடத் தெரியாத அப்பாவி என்று நினைத்துக்கொண்டாள். காலரை ஒருமுறை கூடுதலாக நீவி விட்டாள்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்து, அண்ணன் கட்டைப் பிரித்து, பைகளுக்குள் 'இயந்திரம் தீண்டாதது' சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டின் அடிப்பக்கத்துக்கு வந்ததும் கை நின்றது.

"அண்ணி, எங்க அண்ணன் பையையும் நீங்க தைச்சுக் கொடுத்தீங்களா?"

"நானா? இல்லியே. அவர்தான் எல்லாம் தைச்சார்."

"முட்டு வெக்காம ஓட்டின மாதிரி இருக்கே."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். சாய்வு இல்லை. கட்டின் அடியில் இருந்தவை மூன்று பை. மூன்றிலும் ஏழாவது தையல் நீண்டிருந்தது.